டிரைவர் மேல் மட்டும் பழி போடாதீர்கள்! பழைய கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கோளாறுகள்

பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறீர்கள். இரண்டு நாள் நன்றாக ஓடுகிறது. மூன்றாம் நாள் மாலை ஒரு விளையாட்டைத் திறந்ததும் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. மவுஸ் நகரவில்லை. சில நொடிகளில் திரை முழுவதும் நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஏதேதோ ஆங்கில வரிகள் வருகின்றன. படித்து முடிப்பதற்குள் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடியும் துவங்கிவிடுகிறது. கடைக்குத் தூக்கிச் சென்றால் அங்கே பதில் தயாராக இருக்கும்: "கிராபிக்ஸ் டிரைவர் கிராஷ் ஆகுது சார், ஃபார்மட் பண்ணிடலாம்."

சற்றுப் பொறுங்கள். ஃபார்மட் செய்தால் அந்த டிரைவில் உள்ள உங்கள் படங்கள், கடிதங்கள், கணக்குகள் எல்லாம் போய்விடும். அவ்வளவையும் இழந்த பிறகும் அதே நீலத் திரை ஒரு வாரத்தில் திரும்பி வரலாம். ஏனென்றால், திரையில் டிரைவரின் பெயர் வந்தால் டிரைவர்தான் குற்றவாளி என்று பொருள் இல்லை. மின்சாரம், வெப்பம், தூசி, தளர்ந்த இணைப்பு என எதனால் கோளாறு வந்தாலும் அது டிரைவரின் பெயரிலேயே திரைக்கு வரும். உண்மையான காரணத்தை வீட்டிலேயே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இங்கே பழைய கம்ப்யூட்டர் என்பது ஏறத்தாழ 2001 முதல் 2005 வரை விற்பனையான பென்டியம் 4 வகை. ஏஜிபி ஸ்லாட்டில் செருகிய கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் எக்ஸ்பி, 256 அல்லது 512 எம்பி ராம் என்று இருக்கும். பழைய விளையாட்டுகளுக்காகவும், பழைய பிரிண்டர், ஸ்கேனர் போன்றவற்றுக்காகவும் இன்றும் பலர் இவற்றை வைத்திருக்கிறார்கள்.

டிரைவர் என்றால் என்ன?

கம்ப்யூட்டரில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் தனி மொழி உண்டு. கிராபிக்ஸ் கார்டின் மொழி விண்டோஸுக்குத் தெரியாது. விண்டோஸ் சொல்வதைக் கார்டுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் சிறிய புரோகிராம்தான் டிரைவர்.

1996இல் வந்த விண்டோஸ் என்டி 4.0 பதிப்பில், வேகத்துக்காகக் கிராபிக்ஸ் வேலைகளை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. எக்ஸ்பியும் அந்த வழியில் வந்ததுதான். திரை வேகமாக இயங்கியது. ஆனால் கிராபிக்ஸ் டிரைவர் இடறி விழுந்தால் விண்டோஸ் முழுவதும் சேர்ந்து விழுந்தது. 2007 ஜனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டாவில்தான் இதற்கு ஒரு மாற்று கிடைத்தது. கார்டு இரண்டு நொடிகளுக்குப் பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் டிரைவரை மட்டும் மறுபடி துவக்கிவிட்டு வேலையைத் தொடர முயலும். எக்ஸ்பியில் இந்த வசதி இல்லை. எனவே அங்கே நீலத் திரைதான்.

எக்ஸ்பியில் அடிக்கடி காணப்படும் கிராபிக்ஸ் பிழையின் எண் 0எக்ஸ்000000ஈஏ. டிரைவர் முடிவில்லாத சுழலில் சிக்கிக்கொண்டது என்று இதன் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். என்விடியா கார்டு என்றால் 'என்வி4_டிஸ்ப்' என்ற ஃபைலின் பெயரும், ஏடிஐ கார்டு என்றால் 'ஏடிஐ2' என்று துவங்கும் பெயரும் வரும். டிரைவர் கார்டிடம் ஒரு வேலையைக் கொடுத்து, "முடிந்ததா, முடிந்ததா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. கார்டு பதிலே சொல்லவில்லை. இதுதான் அந்தச் சுழல். கார்டு ஏன் பதில் சொல்லவில்லை என்பது டிரைவருக்கும் தெரியாது.

மலை ஏறும் பஸ்

2019இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைமேல் இருக்கிறது வெள்ளிமலை. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அக்காவின் வீட்டில் இப்படி ஒரு பென்டியம் 4 இருக்கிறது. இன்டெல் 865ஜி போர்டு, ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5200 கார்டு. நீலத் திரை வருகிறது என்று மலையிறங்கி ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். ஃபார்மட் செய்து கொடுத்தார்கள். பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்த குடும்பப் படங்கள் போயின. ஒரே வாரத்தில் நீலத் திரை மட்டும் திரும்பி வந்தது. இரண்டாம் முறை, கார்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

"டிரைவர் போயிடுச்சுன்னு சொல்றாங்களே தம்பி, பஸ் டிரைவர் மாதிரியா?" என்று அக்கா கேட்டார்.

கிட்டத்தட்ட அப்படித்தான். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் பஸ் ஒரு வளைவில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். உள்ளே இருப்பவர்கள் டிரைவரைத்தான் திட்டுவார்கள். ரேடியேட்டர் கொதித்திருக்கலாம். டீசல் சரியாக ஏறாமல் இருக்கலாம். ஒரு ஒயர் கழன்றிருக்கலாம். அந்த வண்டியை ஓட்டத் தெரியாதவரை உட்கார வைத்திருக்கவும் கூடும். இவற்றையெல்லாம் பார்க்காமல் டிரைவரை மட்டும் மாற்றினால் புது டிரைவரும் அதே வளைவில்தான் நிற்பார். கம்ப்யூட்டரில் ரேடியேட்டர் என்பது வெப்பம். டீசல் என்பது எஸ்எம்பிஎஸ். கழன்ற ஒயர் என்பது ஸ்லாட்டில் தளர்ந்த கார்டு. வண்டி தெரியாத டிரைவர் என்பது கார்டுக்குப் பொருந்தாத டிரைவர் புரோகிராம்.

டிரைவர் எப்போதும் அப்பாவி என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில் 2008இல் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆவணங்களின்படி, 2007இல் பதிவான விஸ்டா கிராஷ்களில் 28.8 சதவீதம் என்விடியா டிரைவர்களின் கணக்கில் இருந்தது. எனவே டிரைவரையும் சோதிக்கத்தான் வேண்டும். மற்றவற்றைப் பார்த்த பிறகு சோதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் செய்ய வேண்டியவை இரண்டு

ஒன்று, உங்கள் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எஃப்8 கீயைத் தட்டிக்கொண்டே இருங்கள். வரும் மெனுவில் சேஃப் மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேஃப் மோடில் உங்கள் கார்டின் டிரைவர் ஏறாது. விண்டோஸுடன் வரும் எளிய விஜிஏ டிரைவர் மட்டும் இயங்கும். படங்கள் பெரிதாகவும் நிறம் குறைவாகவும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பென் டிரைவைச் செருகி முக்கியமான ஃபைல்களை காப்பி செய்துகொள்ளுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். இன்றைய பெரிய பென் டிரைவ்கள் பல எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன; தனி அப்டேட் போடாத எக்ஸ்பிக்கு அது புரியாது.

ஏற்கனவே யாராவது ஃபார்மட் செய்துவிட்டார்களா? அந்த ஹார்ட் டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் பதியாதீர்கள். அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். புதிய ஃபைல்கள் மேலே எழுதப்படாத இடங்களில் உள்ள படங்கள் கிடைக்க வாய்ப்பு உண்டு. அக்காவின் படங்களில் ஒரு பகுதி இப்படித்தான் மீண்டது. எல்லாமும் கிடைக்கவில்லை.

இரண்டு, நீலத் திரையை நிறுத்திப் படியுங்கள். மை கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். அட்வான்ஸ்டு டேபில், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில் உள்ள செட்டிங்ஸ் பட்டனை அழுத்துங்கள். அங்கே ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதன் எதிரே உள்ள டிக் அடையாளத்தை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். இனி நீலத் திரை நீங்கள் அணைக்கும் வரை அப்படியே நிற்கும். பிழை எண்ணையும் ஃபைல் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாலும் சரி.

அறிகுறி சொல்லும் செய்தி

கோளாறு எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

1. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வரும் கறுப்புத் திரையிலேயே வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் தெரிகின்றனவா? அப்போது விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. மானிட்டர் கேபிள், கார்டு, ஸ்லாட் இவற்றில்தான் கோளாறு. எத்தனை முறை டிரைவர் மாற்றினாலும் பயன் இல்லை.

2. எக்ஸ்பி லோகோ வந்து போன பிறகு, டெஸ்க்டாப் வரும் நேரத்தில் நிற்கிறதா? கார்டின் முழு டிரைவர் வேலையைத் துவங்கும் நேரம் இது. டிரைவரைச் சந்தேகிக்கலாம். திரையில் அவுட் ஆஃப் ரேஞ்ச் என்று வந்தால் கிராஷ் அல்ல. மானிட்டரால் காட்ட முடியாத ரெசல்யூஷன் வைத்திருக்கிறீர்கள். அதைக் குறைத்தால் போதும்.

3. விளையாடத் துவங்கி பத்து, இருபது நிமிடம் கழித்து நிற்கிறதா? வெப்பம் அல்லது மின்சாரம்.

4. விளையாட்டைத் திறந்த உடனே நிற்கிறதா? டிரைவர், டைரக்ட்எக்ஸ் அல்லது பயாஸில் உள்ள ஏஜிபி செட்டிங்.

5. எந்த ஒழுங்கும் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை எண்ணுடன் நிற்கிறதா? ராம், எஸ்எம்பிஎஸ் அல்லது மதர்போர்டு. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச புரோகிராமை சிடியில் பதிந்து, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் துவக்கி ஒரு இரவு ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் ராமைக் கழற்றி, சுத்தம் செய்து, ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதிக்க வேண்டும்.

சோதனை 1: மின்சாரம்

எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தரும் பெட்டி. பிரெஸ்காட் வகை 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4க்கு இன்டெல் குறித்த வெப்ப அளவே 89 வாட். அதனுடன் கார்டு, ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ் எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது, வயதான எஸ்எம்பிஎஸ் தள்ளாடும். விளையாட்டு துவங்கியதும் கார்டு கூடுதல் மின்சாரம் கேட்கும். கிடைக்காவிட்டால் உறைந்துவிடும். திரையில் வருவதோ டிரைவரின் பெயர்!

பயாஸுக்குள் சென்று பிசி ஹெல்த் அல்லது ஹார்ட்வேர் மானிட்டர் என்ற பக்கத்தைப் பாருங்கள். அனுமதிக்கப்பட்ட வித்தியாசம் 5 சதவீதம். அதாவது 12 வோல்ட் என்பது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். 5 வோல்ட் என்பது 4.75 முதல் 5.25 வரை இருக்கலாம். பயாஸ் காட்டும் எண் துல்லியமானதல்ல. சந்தேகம் வந்தால் மெக்கானிக்கிடம் சொல்லி மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். இன்னொரு கம்ப்யூட்டரின் நல்ல எஸ்எம்பிஎஸ் கிடைத்தால் அதை மாட்டிப் பார்ப்பதே சிறந்த சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900, ரேடியான் 9800 ப்ரோ போன்ற பெரிய கார்டுகளுக்கு ஏஜிபி ஸ்லாட்டில் கிடைக்கும் மின்சாரம் போதாது. ஹார்ட் டிஸ்க்குக்குப் போவது போன்ற நான்கு பின் ஒயர் ஒன்றைக் கார்டிலும் செருக வேண்டும். அது கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். இடி மின்னல் நேரத்தில் கம்ப்யூட்டரை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கி வைக்க வேண்டும்.

சோதனை 2: வெப்பம்

கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். உள்ளே கை வைக்கும் முன் கேபினட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். பிறகு மூடி இல்லாமலேயே ஆன் செய்து, கையை உள்ளே விடாமல், கார்டின் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். எஃப்எக்ஸ் 5200 கார்டுகளில் பல ஃபேன் இல்லாமல் ஹீட் சிங்க் மட்டும் உள்ளவை. அவற்றில் தூசி அடைத்தால் வேறு வழியே இல்லை.

இப்போது ஒரு டேபிள் ஃபேனைத் திறந்த பக்கத்தை நோக்கி வைத்து, வழக்கமாக நிற்கும் அதே விளையாட்டை ஓட்டுங்கள். இருபது நிமிடத்தில் நின்றது இரண்டு மணி நேரம் ஓடினால் குற்றவாளி வெப்பம்தான். அக்காவின் கம்ப்யூட்டரில் நடந்ததும் இதுதான். ஹீட் சிங்க் முழுவதும் தூசி. அதற்கும் சிப்புக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தது. பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, காய்ந்ததைத் துடைத்து, புதிய பேஸ்ட் ஒரு சொட்டு வைத்து மாட்டினோம். கார்டு மாற்றவில்லை. டிரைவரையும் தொடவில்லை. நீலத் திரை நின்றது.

டேபிள் ஃபேன் சோதனைக்கு மட்டும்தான். அப்படியே விட்டுவிட்டால் தூசி இன்னும் வேகமாகச் சேரும்.

சோதனை 3: இணைப்பும் கெப்பாசிட்டரும்

கார்டைப் பிடித்திருக்கும் திருகையும், ஏஜிபி ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள கொக்கியையும் விடுவித்து, கார்டை நேராக மேலே எடுங்கள். தங்க நிறப் பற்கள் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் தூளை நன்றாகத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள். பனியும் ஈரமும் உள்ள ஊர்களில் இந்த ஒரு வேலையாலேயே பல கம்ப்யூட்டர்கள் பிழைத்துக்கொள்ளும்.

கார்டைக் கழற்றியிருக்கும்போதே மதர்போர்டையும் பாருங்கள். சிறிய உருளைகளாக நிற்பவை கெப்பாசிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். புடைத்திருந்தாலோ பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தாலோ அவை கெட்டுவிட்டன. அந்த ஆண்டுகளில் உலகம் முழுவதும் இந்தப் பிரச்னை இருந்தது. டெல் நிறுவனத்தின் ஆப்டிப்ளெக்ஸ் ஜிஎக்ஸ்270, ஜிஎக்ஸ்280 மாடல்களில் கெப்பாசிட்டர்கள் பழுதாகி, அவற்றைச் சரிசெய்ய 2005இல் அந்த நிறுவனம் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. அலுவலகங்கள் கழித்துக்கட்டிய அந்த மாடல்கள் கைமாறி வீடுகளுக்கும் வந்தன. வாங்கும்போதே திறந்து பார்த்துவிடுங்கள். டிவி மெக்கானிக் ஒருவர் பழைய கெப்பாசிட்டரை எடுத்து, அதே மைக்ரோஃபேரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ள புதியதை சால்டர் செய்து தருவார்.

சோதனை 4: கார்டு இல்லாமல் ஓட்டிப் பாருங்கள்

உங்கள் போர்டு இன்டெல் 845ஜி அல்லது 865ஜி என்றால், போர்டிலேயே ஒரு கிராபிக்ஸ் வசதி இருக்கும். கேபினட்டின் பின்னால், கீபோர்டு, மவுஸ் செருகும் இடத்தின் அருகே இன்னொரு மானிட்டர் சாக்கெட் தெரிந்தால் அதுதான். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மானிட்டரை அதில் செருகுங்கள். போர்டு கிராபிக்ஸுக்கான இன்டெல் டிரைவரையும் நிறுவிக்கொள்ளுங்கள். மூன்று நாள் ஓட்டியும் நீலத் திரை வரவில்லையா? கார்டு அல்லது அதன் டிரைவர் என்று முடிவு செய்யலாம். அப்போதும் வருகிறதா? கார்டு தப்பித்தது, புதிய கார்டு வாங்கும் செலவும் தப்பித்தது.

போர்டில் இந்த வசதி இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஆன்டிஎக்ஸ் போன்ற 32 பிட் லினக்ஸ் ஒன்றை சிடியிலோ பென் டிரைவிலோ பதிந்து, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்குங்கள். அங்கே இருப்பது வேறு டிரைவர். அதிலும் திரை கலங்கினால் ஹார்ட்வேர் கோளாறுதான் என்ற சந்தேகம் வலுக்கிறது.

சோதனை 5: இப்போது டிரைவர்

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால் டிரைவருக்கு வருவோம். முதலில் உங்கள் கார்டு எது என்று தெரிய வேண்டும். கடைக்காரர் சொன்னதையோ அட்டைப்பெட்டியையோ நம்ப வேண்டாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் கீழே உள்ள பெயரில் டபுள் கிளிக் செய்து, டீடெய்ல்ஸ் டேபைப் பாருங்கள். ஒரு நீண்ட வரி இருக்கும். அதில் 'வென்' என்பதற்குப் பின் வரும் நான்கு குறிகள் தயாரிப்பாளரைக் காட்டும். 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏடிஐ, 8086 என்றால் இன்டெல், 1039 என்றால் எஸ்ஐஎஸ், 1106 என்றால் வியா. அடுத்து 'டெவ்' என்பதற்குப் பின் வருவது மாடல் எண். இந்த இரண்டையும் இன்டர்நெட்டில் தேடினால் கார்டின் சரியான பெயர் கிடைத்துவிடும்.

எல்லா டிரைவரும் எல்லா கார்டுக்கும் பொருந்தாது. பழைய கார்டுகளுக்கான ஆதரவை நிறுவனங்கள் படிப்படியாக நிறுத்திவிட்டன. எக்ஸ்பியில், ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் கார்டுக்கு 93.71, எஃப்எக்ஸ் வரிசைக்கு 175.19, ஜீஃபோர்ஸ் 6, 7 வரிசைகளுக்கு 307.83 ஆகியவை என்விடியாவின் கடைசி பதிப்புகள். ரேடியான் 9500 முதல் எக்ஸ்1000 வரிசை வரை கேட்டலிஸ்ட் 10.2. இவற்றைவிடப் புதியது என்று யாராவது தந்தால் அது உங்கள் கார்டுக்கானதல்ல.

எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்துவிட்டது. எனவே அந்தக் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்காமல், வேறொன்றில் டவுன்லோட் செய்து பென் டிரைவில் கொண்டுவாருங்கள். முடிந்தவரை தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுங்கள். உங்கள் எல்லா டிரைவர்களையும் ஒரே கிளிக்கில் சரிசெய்வதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் பக்கமே போக வேண்டாம்.

நிறுவும் வரிசை முக்கியம்:

1. கண்ட்ரோல் பேனலில் ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ் சென்று பழைய கிராபிக்ஸ் டிரைவரை நீக்கி, கம்ப்யூட்டரை மறுபடி துவக்குங்கள். புதிய ஹார்ட்வேர் கண்டுபிடிக்கப்பட்டதாக வரும் விண்டோவில் கேன்சல் கொடுங்கள்.

2. மதர்போர்டின் சிப்செட் டிரைவரை முதலில் நிறுவுங்கள். ஏஜிபி ஸ்லாட்டை விண்டோஸுக்கு அறிமுகம் செய்வது இதுதான். வியா சிப்செட் போர்டுகளில் இதை விட்டுவிட்டால் கிராபிக்ஸ் டிரைவர் நிலையாக நிற்காது. பலரும் மறக்கும் படி இது.

3. டைரக்ட்எக்ஸ் 9.0சி நிறுவுங்கள்.

4. கடைசியாக கிராபிக்ஸ் டிரைவர். மறுபடி துவக்குங்கள்.

பிறகு ஸ்டார்ட் மெனுவில் ரன் கட்டத்தைத் திறந்து டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டுங்கள். டைரக்ட்எக்ஸ் சோதனை விண்டோ வரும். டிஸ்ப்ளே டேபில் உள்ள இரண்டு டெஸ்ட் பட்டன்களையும் அழுத்துங்கள். சுழலும் கனசதுரம் தடங்கல் இல்லாமல் தெரிந்தால் நல்லது.

இன்னும் நிற்கிறதா? மூன்று அமைப்புகள்

முதலாவது, டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, டிரபிள்ஷூட் என்று செல்லுங்கள். ஹார்ட்வேர் ஆக்ஸலரேஷன் என்ற ஸ்லைடர் இருக்கும். அதை ஒவ்வொரு படியாக இடப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். வேகம் குறையும். ஆனால் எந்தப் படியில் கிராஷ் நிற்கிறது என்று தெரியும்.

இரண்டாவது, பயாஸில் ஏஜிபி ஸ்பீடு 8எக்ஸ் என்று இருந்தால் 4எக்ஸ் ஆக்குங்கள். மூன்றாவது, அங்கேயே ஃபாஸ்ட் ரைட்ஸ் என்று இருந்தால் டிஸேபிள் செய்யுங்கள். இந்த இரண்டாலும் விளையாட்டின் வேகத்தில் பெரிய இழப்பு வராது. பல நாள் தொல்லை இதோடு தீர்ந்தவர்கள் உண்டு. சில பிராண்டட் கம்ப்யூட்டர்களின் பயாஸில் இந்த வசதிகள் இருக்காது. அவர்கள் ஸ்லைடரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்கள் செய்யாதீர்கள். ஒன்றை மாற்றி, ஒரு நாள் ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதிவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால், எது மருந்து என்று கடைசி வரை தெரியாது.

புதிய கார்டு வாங்கும் முன்

எல்லாச் சோதனைகளிலும் கார்டுதான் குற்றவாளி என்று வந்துவிட்டதா? போர்டில் கிராபிக்ஸ் வசதி இருந்தால், கடிதம், கணக்கு, பாட்டு, படம் போன்ற வேலைகளுக்கு அதுவே போதும். விளையாட்டுக்காக வேண்டும் என்றால் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கார்டுகளைத் தேடிப் பார்க்கலாம். அங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஏஜிபி ஸ்லாட்டும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் வேறு வேறு. 2004இல் வந்த இன்டெல் 915 சிப்செட் முதல் பிசிஐ எக்ஸ்பிரஸ் துவங்கியது. ஒன்றின் கார்டு மற்றதில் சேராது. அதுபோல, 1990களின் மிகப் பழைய ஏஜிபி கார்டுகள் சில 3.3 வோல்ட்டில் இயங்குபவை. இன்டெல் 845, 865 போர்டுகள் 1.5 வோல்ட்டுக்கும் அதற்குக் குறைவானதற்கும் ஆனவை. தவறான கார்டைச் செருகினால் போர்டே எரிந்துவிடலாம். சரியான கார்டு ஸ்லாட்டில் எளிதாக இறங்கும். அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் அது உங்கள் கார்டு அல்ல.

அப்படியும் கடைக்குத்தான் போக வேண்டும் என்றால் உங்கள் நோட்டையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். எந்த நேரத்தில் நின்றது, பிழை எண் என்ன, கார்டு இல்லாமல் ஓடியதா, டேபிள் ஃபேன் வைத்தபோது ஓடியதா என்ற நான்கு வரிகள் அதில் இருந்தால் போதும். நல்ல மெக்கானிக் அதைப் படித்ததும் நேராகக் கோளாறு உள்ள இடத்துக்குப் போய்விடுவார். ஃபார்மட் செய்ய வேண்டும் என்றால் "என்னிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லி, அதையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.